ஐந்து வீடு தாங்கும் லைன்

ப்ளாமென் தன் கணினிக் கடையில் இருந்ததிலேயே பெரிய சர்வர் பெட்டியைத் தூக்கி மேசை நடுவில் வைத்தான். அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு ஒலிபெருக்கிகளை நிறுத்தினான். பிறகு ஒரு காகிதத்தை இழுத்து, "அக்கா, இதுல சத்தம் தியேட்டர் மாதிரியே இருக்கும்" என்று எழுதி நீட்டினான்.

ராய்னா படித்துவிட்டுக் கணவனிடம் கொடுத்தாள். தோன்ச்சோ படித்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தான். ராய்னா பேனாவை வாங்கி அதற்குக் கீழே எழுதினாள்: "தம்பி, நாம ஏன் வாயால பேசிக்காம எழுதிக்கிட்டு இருக்கோம்னு ஒரு நிமிஷம் யோசிங்க."

ப்ளாமெனின் காதுகள் சிவந்துபோயின. ஒலிபெருக்கிகளை அவன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்த விதத்தைப் பார்த்து ராய்னாவுக்கு அவன் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

பல்கேரியாவின் கப்ரோவோ ஊரில் காது கேளாதவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. முப்பது வருஷமாக அங்கே நடந்த நாடகம், கதை சொல்லல், சதுரங்கப் போட்டி, கல்யாண விருந்து எல்லாவற்றையும் தோன்ச்சோ படம் பிடித்து வைத்திருந்தான். தச்சு வேலை செய்பவன், கை ஆடாது. கேமராவைப் பிடித்தால் முக்காலியில் வைத்ததுபோல நிற்கும். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கேசட்டுகள். கம்பளி ஆலையில் இருபத்தாறு வருஷம் துணியின் தரம் பார்த்து ஓய்வு பெற்ற ராய்னா, இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து அத்தனையையும் கணினிக்கு மாற்றி முடித்திருந்தாள்.

மாற்றியாயிற்று, யார் பார்ப்பது? ஆட்களெல்லாம் சிதறிப்போய்விட்டார்கள். ஒருவர் ஸ்டுட்கார்ட்டில், ஒருவர் சரகோசாவில், ஒருவர் வர்னாவில். கோடையில் ஊருக்கு வந்தால் நேரே ராய்னாவின் வீட்டுக்கு வந்து சோபாவில் நான்கு பேர் நெருக்கிக்கொண்டு பார்ப்பார்கள். ஒருமுறை யாரோ அதில் ஒரு கதையை எல்லோரும் பார்க்கும் இணையதளத்தில் போட்டார்கள். ஒரே வாரத்தில் அதற்கு அடியில் முன்பின் தெரியாதவர்கள் 'குரங்கு வித்தை' என்று எழுதிக் குவித்தார்கள். கதை சொன்னவர் கிரூம், சங்கத்தின் தலைவர், எழுபத்தாறு வயது. அதைப் பார்த்த அன்றே அவர் கையைக் கத்திபோல இறக்கிச் சைகையில் சொன்னார்: "எடு அதை. என் கதை நம்ம வீட்டுக்குள்ள இருந்தா போதும்."

வீட்டுக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்தால் என்ன என்று சொன்னது மகள் நெவேனா. அவள் சோஃபியாவில் டிராம் ஓட்டுகிறாள். காது கேட்கும், ஆனால் பேச்சு வருவதற்கு முன்பே கை பேசியவள். "நம்ம வீட்டுலயே ஒரு பெட்டி இருக்கட்டும்மா. அதுல எல்லாப் படமும் இருக்கும். நீ யாருக்குக் கதவு திறக்கிறியோ அவங்க மட்டும் அவங்கவங்க ஊர்ல இருந்து பார்ப்பாங்க." அப்படித்தான் ராய்னா இந்தக் கடைக்கு வந்து நின்றாள்.

ப்ளாமென் இப்போது பெட்டியின் வேறு பெருமைகளை எழுதினான். நான்கு வட்டு போடலாம். ஒரே நேரத்தில் இருபது வீட்டுக்குப் படம் அனுப்பலாம், போகிற வழியிலேயே சுருக்கிச் சுருக்கி அனுப்பும்.

ராய்னா எழுதினாள்: "பெட்டி இருபது வீட்டுக்கு அனுப்பும், சரி. எங்க வீட்டு லைன் எத்தனை வீட்டுக்குத் தாங்கும்?"

"கண்ணாடி இழை கேபிள்தானே? கவலையே இல்ல."

"அது கீழே பாலத்தோட நின்னுபோச்சு. எங்க தெரு மேட்டுல."

ப்ளாமென் பேனாவின் முனையைக் கடித்தான். விற்றுவிட நினைத்திருந்தால் அப்போதே விற்றிருக்கலாம். "அப்போ இப்ப வாங்காதீங்க அக்கா. வீட்டுல இருந்து மேலே போற வேகம் எவ்வளவுன்னு முதல்ல அளந்து பாருங்க. கீழே வர்றதை எல்லாரும் பார்ப்பாங்க. உங்களுக்கு வேண்டியது மேலே போறது."

வீட்டுக்கு வந்து அளந்தார்கள். வருவது எண்பது மெகாபிட். போவது ஆறு.

"ஆறா?" என்றான் தோன்ச்சோ. "நம்ம வாசல்லயே அதைவிட அதிகப் படி இருக்கு." அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் கையால்தான். ஆனால் தோன்ச்சோவின் கிண்டலுக்குப் புருவமும் உதடும் தோளும் சேர்ந்து வேலை செய்யும். இணைய நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, அடுத்த வருஷம் கேபிள் வரும் என்று பதில் வந்தது. போன வருஷமும் அதே பதில்தான் வந்தது.

கேசட்டிலிருந்து எடுத்த படம் ஒவ்வொன்றும் எட்டு மெகாபிட் கேட்டது. ஆக, இருக்கிற லைனில் ஒரு வீட்டுக்குக்கூடப் படம் போகாது. சுருக்கியே ஆக வேண்டும். கணினியில் இருந்த மென்பொருளில் 'சிறியது' என்று ஒரு பொத்தான் இருந்தது. தோன்ச்சோ அதை அழுத்தினான். கிரூம் சொன்ன 'காட்டுக் காவலனும் கரடியும்' கதை நன்றாகச் சுருங்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் கிரூமுக்கே அதைச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

பத்து நிமிஷத்தில் கிரூம் வீடியோ அழைப்பில் வந்தார். முகம் திரைக்குள் அடங்கவில்லை. அவ்வளவு கிட்டே வந்து நின்றிருந்தார்.

"என் விரலையெல்லாம் என்ன பண்ணினே?"

"ஏன் அண்ணே, படம் வரலையா?" என்றாள் ராய்னா.

"படம் வருது. நான் கரடிகிட்ட ஏழு ஆடுன்னு சொல்றேன். பார்த்தா நாலா ஒன்பதான்னு சொன்ன எனக்கே தெரியல. என் கையை எடுத்துக் கூழ் காய்ச்சி வெச்சிருக்கீங்க புருஷனும் பொண்டாட்டியும். மூஞ்சி மட்டும் பளிச்சுனு இருக்கு. என் மூஞ்சியை யாருக்குப் பார்க்கணும்?"

"உண்மைதான்" என்றான் தோன்ச்சோ.

"உன்னைக் கேக்கலடா."

மறுநாள் காலை ராய்னா பனித்ஸா என்கிற பாலாடைக்கட்டி அடையை அடுப்பில் வைத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து மூலப் படத்தையும் சுருங்கிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டாள். ஆலையில் அவள் மேசை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தில் ஒரே ஒரு இழை விட்டுப்போயிருந்தால் கை தானாகப் போய்ச் சக்கரத்தை நிறுத்தும். இங்கேயும் அப்படித்தான் நடந்தது. கிரூமின் கை இடமிருந்து வலம் போகும்போது நடுவில் ஏதோ விட்டுப்போயிருந்தது. நிறுத்தினாள். ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். பின்பக்கம் போனாள். மறுபடி முன்னால் வந்தாள். பனித்ஸா கருகிய வாசனையில் தோன்ச்சோ ஓடிவந்து அடுப்பை அணைத்ததுகூட அவளுக்குத் தெரியாது.

கேசட்டில் ஒரு நொடிக்கு ஐம்பது அசைவுகள் பதிந்திருந்தன. 'சிறியது' பொத்தான் அதில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுப் படத்தின் பளபளப்பைக் காப்பாற்றி வைத்திருந்தது.

தோன்ச்சோவின் முழங்கையைத் தட்டிக் கூப்பிட்டாள். "பாரு. காது கேக்கறவங்களுக்குப் பாதி போனா ஒண்ணும் ஆகாது. அவங்க வார்த்தை சத்தத்துல இருக்கு. நம்ம வார்த்தை இந்த அசைவுலதான் இருக்கு. அசைவுல பாதியை எடுத்துட்டா, பேச்சுல பாதி எழுத்தைக் கிழிச்சுப் போட்ட மாதிரி."

"அப்போ?"

"பளபளப்பு போகட்டும். ஐம்பதும் இருக்கணும்."

அதற்கப்புறம் எட்டு நாள் அவள் செய்ததெல்லாம் அளப்பதும் ஓட்டிப் பார்ப்பதும்தான். படத்தின் அளவைக் குறைத்தாள். மேடைக்கு இரண்டு பக்கமும் வெறுமனே நின்ற சுவரை வெட்டினாள். பின்னால் தொங்கிய கறுப்புத் திரை அசையாததால் அதற்கு அதிகம் இடம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிரூமுக்கு ஒரு துண்டு போகும். "ஏழு" என்று பதில் வந்தால் சரி. "ஆறரை" என்று வந்தால் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஒரு படம் ஒன்றேகால் மெகாபிட்டுக்குள் அடங்கியது. விரல் ஐந்தும் ஐந்தாகத் தெரிந்தன.

நான்கு வீட்டுக்குத் தாராளமாகப் போகும். ஐந்தாவது வீடு சேர்ந்தால் லைன் மூச்சு முட்டும். ஆனால் வீடு ஐந்து இருந்தது: ஸ்டுட்கார்ட், சரகோசா, வர்னா, கிரூம் வீடு, சங்கத்துக் கூடம்.

"கிரூமை விட்டுடலாமா?" என்றான் தோன்ச்சோ.

"விட்டா நம்ம ஜன்னல்ல கண்ணாடி மிஞ்சுமா?"

ராய்னா மறுபடி எண்களைப் பார்த்தாள். ஒன்றேகாலில் படத்துக்கு ஒன்று. மீதி கிட்டத்தட்ட கால். அந்தக் கால் எதற்கு? பார்த்தால் சத்தத்துக்கு. அவள் தோன்ச்சோவைப் பார்த்தாள், தோன்ச்சோ அவளைப் பார்த்தான்.

"இத்தனை நாளா சத்தத்துக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்!" என்றான் அவன்.

சத்தத்தை எடுத்துவிட்டால் ஐந்து வீட்டுக்கும் ஐந்து மெகாபிட். ஒன்று மிச்சம். இதைவிடச் சுலபமான முடிவை அவள் வாழ்க்கையில் எடுத்ததே இல்லை.

இயந்திரமும் அதற்குள் மனதில் உருவாகிவிட்டது. படத்தைச் சுருக்கும் வேலையை வீட்டிலேயே ஒருமுறை நிதானமாகச் செய்து வைத்துவிட்டால், அனுப்புகிற பெட்டிக்கு வேலையே கிடையாது. எடுத்துக் கொடுத்தால் போதும். ப்ளாமெனிடம் போய் அந்தப் பெரிய பெட்டி வேண்டாம் என்று எழுதினாள். கடையின் மூலையில் ஏதோ அலுவலகத்திலிருந்து கழித்துப் போட்ட, செங்கல் அளவுக் கணினிகள் ஒரு அடுக்கு இருந்தன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். மிச்சமான காசில் இரண்டு நல்ல வட்டுகள் கேட்டாள். இரண்டிலும் ஒரே சரக்கு இருக்கும், ஒன்று செத்தால் மற்றது நிற்கும். காற்றில் போகிற இணைப்பை நம்பாமல் நீளமாக ஒரு கேபிளும் வாங்கினாள்.

"சுருக்குற வேலை மட்டும் ரொம்ப நாள் ஆகும்" என்று எழுதினான் ப்ளாமென்.

"ஆகட்டும். கேசட்டு முப்பது வருஷம் காத்திருந்தது. இன்னும் ஆறு மாசம் காத்திருக்கும்."

அவன் அவள் போட்டு வைத்திருந்த கணக்குத் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை பார்த்தான். பிறகு எழுதினான்: "அக்கா, உங்களுக்கு விக்கிறதைவிட உங்களை இங்க வேலைக்கு வெச்சுக்கிட்டா எனக்கு லாபம்." அந்தத் தாளைத் தோன்ச்சோ மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த ஒரு வாரம் சந்தித்தவர்களிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டினான்.

பதினோரு கேசட்டுகள் முடிந்திருந்த சனிக்கிழமை நெவேனா வந்தாள். கதவைத் திறந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுவிட்டாள்.

"அம்மா, வீட்டுக்குள்ள என்ன கத்துது?"

"எது?"

நெவேனா தேடிக்கொண்டு போய் அலமாரிக்குப் பின்னால் இருந்த செங்கல் கணினியைக் கண்டுபிடித்தாள். அதற்குள் இருந்த விசிறி தேய்ந்துபோயிருந்தது. "ஐயோ, அறுப்பு மில் மாதிரி இருக்கு! எத்தனை நாளா?"

"ஒன்பது நாள்."

"அதான் கீழ்வீட்டு அம்மா என்னைப் படிக்கட்டுல பார்த்ததும் அழாத குறையா நின்னாங்க."

தோன்ச்சோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே விசிறியை மாற்றக் கிளம்பினான். ராய்னா மகளை உட்கார வைத்துத் தன் வேலை முழுவதையும் காட்டினாள். ஐம்பது அசைவு, வெட்டிய சுவர், ஐந்து வீட்டுக் கணக்கு. நெவேனா ஒவ்வொன்றுக்கும் வாயைப் பிளந்தாள். "சத்தத்தை எடுத்ததுலதான் அஞ்சாவது வீட்டுக்கு இடம் கிடைச்சது" என்று ராய்னா முடித்தபோது மட்டும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"எல்லாத்துலயுமா எடுத்துட்டே?"

"பதினொண்ணுல. மூலம் பத்திரமா இருக்கு. ஏன்? அதுல யாரு பேசப்போறா? நாற்காலி இழுக்கிற சத்தம்தானே."

நெவேனா ஒரு மூலப் படத்தை ஓட விட்டாள். கரடிக் கதை. கண்ணை மூடிக்கொண்டாள். ராய்னா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரூம் கரடியிடம் பேரம் பேசுகிற இடம் வந்தது. நெவேனாவின் உதடு மெல்ல விரிந்தது, பிறகு அவளால் அடக்க முடியாமல் தோள் குலுங்கியது.

"என்ன கேக்குது?" என்று அவள் தொடையைத் தட்டிக் கேட்டாள் ராய்னா.

"சிரிப்பு."

"யாரோட சிரிப்பு?"

"உன்னோடதும்மா."

ராய்னா கையை மடியில் போட்டுக்கொண்டாள். விடுதிப் பள்ளியில் அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு ஆசிரியை அவள் உதட்டை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்து, "இப்படிச் சத்தம் போட்டுச் சிரிச்சா ஆடு கத்துற மாதிரி இருக்கு" என்று வாயசைவு புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அன்றிலிருந்து கடையில், பேருந்தில், ஆலையில் எங்கே சிரித்தாலும் உதட்டை மூடியே சிரிப்பாள். சங்கத்துக் கூடம் ஒன்றில்தான் மறந்துவிடுவாள்.

"அசிங்கமா இருக்குமே" என்றாள்.

"யாரு சொன்னது?" நெவேனாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அவள் கை அப்பாவைப் போலவே பெரிதாகும். "சின்ன வயசுல கூடத்துல கோட்டுக் குவியல் மேல என்னைத் தூங்க வெச்சுட்டு நீங்க நாடகம் பார்ப்பீங்களே, ஞாபகம் இருக்கா? முழிச்சா எனக்குப் பயமா இருக்கும். உடனே உன் சிரிப்பு கேட்கும். எந்த வரிசையில, எந்த மூலையில நீ இருக்கேன்னு தெரிஞ்சிடும். திரும்பிப் படுத்துத் தூங்கிடுவேன். கிரூம் மாமா கதையை முடிக்கிறதுக்குள்ள நீ சிரிச்சிடுவே, எல்லா கேசட்டுலயும். கூடத்துல மத்தவங்க சிரிப்பும் இருக்கு. அதுக்கு மேல உன்னோடது தனியா ஏறிப் போகும்."

"ஏறிப் போகும்னா?"

நெவேனா யோசித்தாள். பிறகு கையை மேசையிலிருந்து எழுப்பினாள். படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் விரலைத் துள்ளவிட்டு, தலைக்கு மேல் வரை கொண்டுபோய் விரித்தாள்.

ராய்னா தன் கையையும் அதேபோலப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தாள். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, கணினி முன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சத்தம் இருக்கட்டும். ஆனா அஞ்சு வீட்டையும் விட மாட்டேன். இந்தச் சத்தத்தைச் சுருக்க முடியாதா?"

முடியும். இரண்டு ஒலிபெருக்கிக்கென்று இரட்டையாக இருந்ததை ஒன்றாக்கினாள். அதையும் மெலிதாக இழைத்தாள். "எவ்வளவு இழைக்கலாம்னு நீதான் சொல்லணும். இது என் கண்ணுக்கு எட்டாத துணி. இதுக்குத் தரம் பார்க்கிற ஆள் நீ" என்று மகளை உட்கார வைத்தாள். நெவேனா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். "இது வேணாம், தகரம் மாதிரி இருக்கு." "இதுவும் வேணாம்." "இது... இது நீதான்." ஒரு வீட்டுக்குக் கூடுதலாக வந்தது ஒரு மெகாபிட்டில் இருபதில் ஒரு பங்கு. ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஐந்தேகால். ஆறு தாங்கும் லைனில் இன்னும் முக்கால் மிச்சம்.

பதினொன்றையும் ராய்னா அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சங்கத்துக் கூடத்தில் நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ப்ளாமெனும் வந்து பின்வரிசையில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். கிரூம் மட்டும் வரவில்லை. நாலாவது வீட்டின் சோதனைக்குத் தான் வீட்டில்தான் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். சரியாக நான்கு மணிக்கு ஐந்து இடத்திலும் ஒரே நேரத்தில் படத்தைத் தொடங்கினார்கள்.

ராய்னா திரையைப் பார்க்கவில்லை. கைபேசியில் லைன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று. நான்கு. ஐந்து. ஐந்தேகால். நின்றது. ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. அசையவில்லை. அப்போதுதான் தலையைத் தூக்கினாள். முப்பது வயது குறைந்த கிரூம் சுவர் முழுக்க நின்றுகொண்டு, கரடியிடம் ஏழு ஆடுகளைப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "அவர் மோதிரம்கூடத் தெரியுது பாரு" என்றாள்.

கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து: "தெளிவு." சரகோசாவிலிருந்து: "என் மனைவியும் நானும் நின்னுகிட்டே பார்க்கிறோம், உட்காரத் தோணல." வர்னாவிலிருந்து ஒரு படம், திரை முன்னால் ஏழு பேர். கடைசியில் கிரூமிடமிருந்து ஒரே ஒரு எண் வந்தது: "7."

படம் முடிந்து விளக்குப் போட்டதும் தோன்ச்சோ நாற்காலி மேல் ஏறினான். "ஒரு விஷயம்! இந்தப் பெட்டியை எந்தக் கடைக்காரரும் எங்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கல. கடைக்காரர் அங்கதான் உட்கார்ந்திருக்காரு, வேணும்னா கேட்டுக்கோங்க. எவ்வளவு பெரிய பெட்டி, எத்தனை மெகாபிட், எதை வெட்டணும், எதை விடக்கூடாது, அத்தனையும் இவ முடிவு." அவன் விரல் ராய்னாவைக் காட்டியது.

எண்பதுக்கும் மேற்பட்ட கைகள் தலைக்கு மேல் எழுந்து படபடத்தன. அதுதான் அவர்களுடைய கைதட்டல். ப்ளாமென் ஒரு கணம் சுற்றிப் பார்த்துவிட்டு, தானும் கையை உயர்த்தி ஆட்டினான். ராய்னா எழுந்து நின்றாள். தலை குனியவில்லை. ஆலையில் இருபத்தாறு வருஷம் அவள் பிடித்த குறைகளுக்குக் கணக்கே இல்லை. நன்றாக வந்த துணிக்கு யாரும் அவளைக் கூப்பிட்டுச் சொன்னதில்லை.

ஜூன் முதல் வாரத்தில் யாம்போல் ஊர் சங்கத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. தடித்த மீசைக்காரர் ஒருவர் மரியாதையாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு கேட்டார்: "எங்ககிட்ட தொண்ணூறு கேசட் இருக்கு. ஒரு கடையில பெரிய பெட்டி ஒண்ணு காட்டுறாங்க. வாங்கலாமா? உங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

ராய்னா நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் கையில் விழும்படி நாற்காலியைத் திருப்பி வைத்து, தோன்ச்சோவிடம் கேமராவைப் பிடிக்கச் சொன்னாள்.

"இப்ப எதுவும் வாங்காதீங்க" என்று ஆரம்பித்தாள். "உங்க சங்கத்துல இருந்து மேலே போற வேகம் எவ்வளவு? அதை அளந்து அனுப்புங்க. எத்தனை வீட்டுக்குப் போகணும்னும் சொல்லுங்க. அப்புறம் உங்க கதைகள்ல ரொம்ப வேகமா கை ஓடுற ஆள் யாரோ, அவரோட கேசட் ஒண்ணு எடுத்து வைங்க. வியாழக்கிழமை பஸ் பிடிச்சு நானே வர்றேன்."